அறுபத்து மூன்றாம் நம்பர் கதவு

போன ஞாயிறு மத்தியானம் ஒரு குட்டிப் பெண் எங்கள் வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்தாள். செருப்பைக் கழற்றி மூலையில் விட்டாள். நேராகப் போய், விரித்திருந்த பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் பெண் இல்லை. மாடி மாறி வந்துவிட்டாள்!

பெயர் ஆயிஷா. நாலு வயசு. எங்களுக்கு நேர் மேலே குடியிருக்கிறார்கள். ஆவடி தாண்டி நாங்கள் இருக்கிற இந்தக் குடியிருப்பில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி, எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே பழுப்பு. பெரியவர்களே அடுத்தவர் வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நிற்பார்கள். பாவம், நாலு வயசுக் குழந்தை என்ன செய்யும்?

அவள் அம்மா நூர்ஜகான் மூச்சு வாங்க இறங்கி வந்தார். பாயில் கிடந்தவளைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது அவருக்கு.

“இந்த வாரத்துல மூணாவது தபாண்ணா. ஒரு நாளு நாலாவது பிளாக்குக்கே போய்ட்டா. நீ பெயின்டர்தானே... எங்க ஊட்டுக் கதவுக்கு மட்டும் ஏதாச்சும் கலரு அட்ச்சுக் குடேன். புள்ள அடையாளம் கண்டுக்கும்.”

அரை நாள் வேலை. என் தொழிலும் அதுதான். ஆனாலும் என் வாயில், “பார்க்கலாம்மா” என்றுதான் வந்தது.

பெரியவர்கள் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

அவர் போனதும் என் பையன் கவின் கேட்டான். “ஏம்பா, சந்தியா ஊட்டுக் கதவு ஞாபகம் வந்துட்சா?”

பிரஷ்ஷைக் கழுவுவதுபோல எழுந்து போய்விட்டேன். கழுவ வேண்டிய பிரஷ் எதுவும் இல்லை.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களைத்தான் உங்களிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று – எந்த வேலையைச் செய்தாலும் சுத்தமாகச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் தேய்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.

நாலு மாதத்துக்கு முன்னால் பூந்தமல்லியிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. ‘மாமா, வேலையைச் சுத்தமாகச் செய்து உங்களுக்கு எப்போதாவது கெட்டது நடந்திருக்கிறதா?’ என்று கேட்டிருந்தாள்.

கெட்டிக்காரப் பெண். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நாலு மாதம் சுற்றினேன். இன்றைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நடந்திருக்கிறது, அம்மா. ஆனால் எனக்கு இல்லை. சந்தியாவுக்கு.

இங்கே வருவதற்கு முன்னால் நாங்கள் கொரட்டூர் ஏரிக்கரையில் இருந்தோம். ஒரே வரிசையாக நூறு வீடுகள் இருக்கும். ஷீட் போட்டது, ஓலை போட்டது, பேனர் துணி போட்டது – எல்லாம் கலந்து. மழை பலமாகப் பெய்தால் ஏரி வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பாத்திரங்களைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்போம். தண்ணீர் வடிந்ததும் திரும்பி வருவோம். அவ்வளவுதான்.

எங்களுக்கு நாலு வீடு தள்ளி கோமதி வீடு. அவள் புருஷன் சேகர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுபவன். கோமதி ஏரிக்கு எதிர்ப்பக்கம் இருந்த அடுக்குமாடியில் மூன்று வீடுகளில் வேலை செய்தாள். அவர்களுக்கு ஒரே பெண். அவள்தான் சந்தியா. கவினும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். அப்போது நாலாவது.

கோமதி வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. வீடு ஷீட்டுதான், ஆனால் கதவு தேக்கு! வேலை செய்யும் வீட்டில் மாற்றிய பழைய கதவை அந்த வீட்டம்மா கொடுத்திருந்தார். சேகர் அதை மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினான். “செவுத்த எடுத்துட்டாலும் கதவு நிக்கும்” என்று வரிசை முழுக்க அவனைக் கிண்டல் செய்வோம்.

அந்த வருஷம் டிசம்பர். மழை நின்ற பிறகு நாலு பேர் வந்தார்கள். கையில் சிவப்புப் பெயின்ட் டப்பா, ஒரு நோட்டு. வீட்டு வீட்டுக்கு நம்பர் எழுதினார்கள். ஆள் இருந்த வீட்டில் பெயர் கேட்டு, போட்டோ எடுத்தார்கள். என் மனைவி சாந்தி வீட்டில் இருந்தாள். எங்கள் பெயர் ஏறிவிட்டது. எங்களுக்கு ஐம்பத்தொன்பது.

கோமதி வேலைக்குப் போயிருந்தாள். சேகரும் இல்லை. சந்தியா பள்ளிக்கூடம். அவர்கள் கதவில் 63 என்று எழுதி, நோட்டில் ‘பூட்டியிருந்தது’ என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் வீடு பகலில் பூட்டித்தானே இருக்கும்? வேலைக்குப் போகாதவர்களைத்தான் பகலில் எண்ண முடியும். இது ஏனோ எண்ண வருகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை.

சரி, நம்பர் எழுதியதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டோமா? இல்லை! எங்கள் கதவுகளில் எழுதாத டிபார்ட்மென்ட் கிடையாது. சொட்டு மருந்து கொடுக்க வந்தவர்கள் சாக்பீஸால் கிறுக்கியது, கொசு மருந்துக்காரர்கள் போட்ட தேதி, ஓட்டுக் கணக்கு, அதற்கு முன்னால் இரண்டு தடவை ஏரிக்கரை வீடுகளின் கணக்கு... எங்கள் கதவுகளைப் படித்தாலே போதும், யார் யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துவிடும். வந்து என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியாது.

அடுத்து பொங்கல் வந்தது.

எங்கள் வரிசையில் எனக்கென்று ஒரு பொங்கல் வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க வேலை செய்த வீடுகளில் மீந்து, ஓனர்களே ‘எடுத்துக்கோ’ என்று சொன்ன பெயின்டைச் சேர்த்து வைப்பேன். போகிக்கு முதல் நாள் அதில் யாராவது இரண்டு மூன்று வீட்டுக் கதவுகளுக்கு அடித்துக் கொடுப்பேன். யார் வீட்டுக்கு என்று சண்டை வரக் கூடாது பாருங்கள். அதனால் பிள்ளைகளே சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவார்கள்.

அந்தத் தடவை மீந்தது ஒரே ஒரு டப்பா. காட்டுப்பாக்கத்தில் ஒரு குழந்தையின் அறை ஜன்னல் கம்பிகளுக்கு அடித்த எனாமல். நல்ல எலுமிச்சம்பழ மஞ்சள். ஒரு கதவுக்குத்தான் காணும்.

சீட்டு சந்தியா பெயருக்கு விழுந்தது.

அவள் குதித்த குதி இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. மற்ற பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கவின் என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

தேக்குக் கதவு அல்லவா? எனக்கும் ஆசை வந்துவிட்டது. அரைகுறையாகச் செய்ய மனசு வரவில்லை. உப்புத்தாள் போட்டுப் பழைய கறையெல்லாம் போகத் தேய்த்தேன் – சாக்பீஸ், கொசு மருந்து, சிவப்பு நம்பர், எல்லாம். மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்த்தேன். மறுபடி தேய்த்தேன். பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். அடுக்குமாடிக் கதவுக்குக்கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

கோமதி வேலை முடிந்து வந்து கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “இன்னாண்ணா, ஊட்ட விட்டுட்டுக் கதவுலயே குடியிருக்கலாம் போலகீதே” என்றாள்.

டப்பாவில் கால் பங்கு மீந்தது. மூடியை இறுக்கி அவளிடமே கொடுத்தேன்.

பிப்ரவரியில்தான் விஷயம் தெரிந்தது. இந்தத் தடவை வந்த கணக்கு நிஜமான கணக்கு. ஏரிக்கரையைக் காலி செய்யப் போகிறார்கள். நம்பர் போட்ட வீட்டுக்காரர்களுக்கு ஆவடி தாண்டி மாடி வீடு. பூட்டியிருந்த வீடுகளை மட்டும் திங்கட்கிழமை வந்து மறுபடி பார்ப்பார்கள். கதவு நம்பரோடு குடும்பத்தையும் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள்.

கதவு நம்பரோடு.

ஓடிப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் கதவு கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கீறல் கிடையாது.

எங்கள் வரிசையில் எந்தப் பிரச்சினை என்றாலும் தேவராஜ் அண்ணனிடம்தான் போவோம். இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். நாலு ஆபீஸ் ஏறி இறங்கியவர். அவர் கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நம்பர் இல்லாத கதவுன்னா, கணக்கு எடுத்தப்புறம் போட்ட புதுக் குட்சைன்னு தள்ளிட்டுப் பூடுவாங்கோ. நீதானே அழிச்சே? நீயே எழுதிடு.”

எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. நம்பர் போனதை அப்படியே சொல்லிவிடலாமே என்றேன்.

“சொன்னா நம்புவாங்களா? அதே கதவு, அதே நம்பரு. இதுல இன்னா பொய்யி கீது?”

யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னதில் என்ன தப்பு? அது அறுபத்து மூன்றாம் நம்பர் கதவுதான். அறுபத்து மூன்று என்று எழுதினால் அது உண்மைதானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் சிவப்புப் பெயின்ட் கலந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். அடுக்குமாடிகளில் கதவு நம்பர் எழுதுவதும் என் வேலைதான். நம்பர் எழுத உட்கார்ந்தால் என் கை தானாக ஸ்கேலை எடுக்கும். பென்சிலால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் சமமாக இடம் விட்டு, ஆறுக்கு ஒரு வளைவு, மூன்றுக்கு இரண்டு வளைவு...

அன்றைக்கும் அப்படியே எழுதினேன்.

அந்த டிசம்பர் ஆட்கள் எழுதியது எப்படி இருந்தது தெரியுமா? ஆறு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றிலிருந்து பெயின்ட் வழிந்து கீழ்த்தாழ்ப்பாள் வரைக்கும் ஓடியிருந்தது. அதைப் போல எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோணலாக எழுத எனக்கு வராது.

சந்தியா பக்கத்திலேயே உட்கார்ந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சூப்பரா கீது மாமா” என்றாள்.

திங்கட்கிழமை கோமதி மூன்று வீட்டிலும் லீவு சொல்லிவிட்டாள். சேகர் லோடுக்குப் போகவில்லை. ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் பிளாஸ்டிக் கவரில். சந்தியாவுக்கு இரட்டைச் சடை, பொங்கலுக்கு எடுத்த பாவாடை. மூன்று பேரும் கதவுக்கு முன்னால் போட்டோவுக்கு நிற்பது போலவே காலையிலிருந்து நின்றார்கள்.

பதினொரு மணிக்கு ஒரு மேடம் வந்தார். சின்ன வயசுதான். கூட நோட்டு வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். மேடம் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோமதி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். “நம்பர் தெரியற மாதிரி நில்லுங்க” என்று சொல்லி, போனில் போட்டோ எடுத்தார்.

எடுத்த போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கதவுக்குக் கிட்டே வந்தார். குனிந்தார்.

என் பென்சில் கோடுகள். இரண்டும் அப்படியே இருந்தன. பெயின்ட் காயட்டும், பிறகு அழிக்கலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

“இது யார் எழுதினது?”

தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். கோமதி தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“உங்க ஆளுங்கதான் மேடம். டிசம்பர்ல வந்தாங்களே.”

பிள்ளைகளே, நம்பர் எழுதியது பொய்யா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது. இது பொய். இதில் சந்தேகமே கிடையாது.

அப்போதுதான் சந்தியா பேசினாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு அழகான எழுத்தை நான் வேறு யாருக்கோ தூக்கிக் கொடுக்கிறேனே என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

“இல்ல மேடம், அவங்க எழுதுனது கோணலா இருந்துச்சு. இது எங்க ஏழுமலை மாமா எழுதுனாரு. நேத்துதான்.”

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் கொட்டினேன். பொங்கல், சீட்டு, மீந்த பெயின்ட், எல்லாம். நம்ப வேண்டுமே! ஓடிப் போய் உப்புத்தாள் எடுத்து வந்து அவர் முன்னாலேயே கதவைத் தேய்த்தேன். பழைய நம்பர் அடியில் எங்காவது கொஞ்சம் இருக்கும், ஒரு சிவப்புத் தீற்றலாவது இருக்கும், அதைக் காட்டிவிடலாம் என்று. நான் எழுதிய சிவப்பு போனது. மஞ்சள் போனது. பிரைமர் போனது. பட்டி போனது.

வெறும் மரம்.

அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தேன்.

“வுடு பெயின்டரே, கதவு ஓட்டையாய்டும்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மேடம் என்னைப் பார்த்துச் சொன்னதை என்னால் மறக்க முடியாது.

“நம்பர் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருந்தா, இந்தப் பக்கம் அறுபத்திரண்டு, அந்தப் பக்கம் அறுபத்திநாலு, நடுவுல இதுதான்னு நானே எழுதியிருப்பேனே. இப்போ நீங்க எழுதின நம்பரோட எடுத்த போட்டோ அப்பவே ஆபீஸுக்குப் போயிடுச்சு. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன சொல்றது?”

மற்ற இடங்களில் நிறையப் பேர் பொய் நம்பர் எழுதிக்கொண்டார்களாம். திருத்திய கதவு எதையும் சேர்க்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். நோட்டுக்காரர் குனிந்து ‘நம்பர் பின்னால் எழுதப்பட்டது’ என்று எழுதினார். அவர் எழுத்தும் கோணல்தான். ஆனால் அது நின்றுவிட்டது.

அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஏப்ரலில் லாரிகள் வந்தன. மாடி வீட்டுக்கு டோக்கன் கிடைத்த குடும்பங்களெல்லாம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பின. கோமதி அன்றைக்கும் லீவு போட்டிருந்தாள்... எதற்கு? சாந்திக்குப் பாத்திரம் கட்டிக் கொடுக்க! எங்கள் கிரைண்டரை சேகரும் நானும் தூக்கி லாரியில் வைத்தோம். வைத்துவிட்டு அவன் போய் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கதவைக் கழற்ற ஆரம்பித்தான். பின்னாலேயே இடிக்கிற வண்டி நின்றது. செவுத்த எடுத்துட்டாலும் கதவு நிக்கும் என்று சிரித்தோமே, அந்தக் கதவு.

லாரி கிளம்பும்போது சந்தியா ஓடி வந்து கவினிடம் மஞ்சள் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தாள். ‘எங்களுக்கும் வீடு கிடைத்ததும் மாமாவை வந்து கதவுக்கு அடிக்கச் சொல்’ என்றாளாம். கவின் வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

மனு கொடுத்திருக்கிறோம். நான் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘பார்க்கலாம்’ என்கிறார்கள்.

போன மாதம் சந்தியா வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால், ஒரே அறை, வாடகைக்கு. கோமதி இன்னும் கொரட்டூரில் அதே மூன்று வீடுகளுக்குத்தான் வேலைக்குப் போகிறாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வாடகை வீட்டுக்குக் கதவு இருக்கிறதே, இந்தத் தேக்குக் கதவை என்ன செய்வது? நாலு செங்கல் வைத்து அதன்மேல் கிடத்தியிருக்கிறார்கள். ராத்திரி சந்தியாவுக்கு அதுதான் கட்டில். பகலில் அதுதான் மேஜை. நான் தேய்த்த இடம் மட்டும் வெறும் மரமாக, ஒரு தட்டு அளவுக்கு. சரியாக அந்த இடத்தில் நோட்டை வைத்து அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா பெயின்டரே, மணைக்கட்டைக்குக் கலரு அட்க்க வந்தியா?” என்றாள் கோமதி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

சந்தியாவிடம் புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“தெரியாது மாமா.”

ஃபிரெண்ட்ஸ் யாரும் கிடைத்தார்களா?

“தெரியாது மாமா.”

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது கோமதி குரலைத் தாழ்த்தினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ பையன்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். சந்தியா பார்த்திருக்கிறாள். டீச்சர் கேட்டதற்குத் தெரியாது என்றிருக்கிறாள். அவள் பென்சில் பாக்ஸையே ஒருத்தி எடுத்துக்கொண்டாள், அதற்கும் தெரியாது. எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதிலாம்.

“வாயத் தொறந்தா ஊடு பூடும்னு நெனச்சிகினு கீறாண்ணா.”

நான் கொண்டுபோயிருந்த பிஸ்கட் பாக்கெட்டைச் சந்தியாவின் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கிளம்பும்போது அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ சொன்னது சரிம்மா, தப்பு செஞ்சது நான். அவள் தலையை ஆட்டினாள். பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் ஆட்டுவார்களே, அப்படி ஓர் ஆட்டல். உள்ளே ஒன்றும் போகவில்லை. போகாதுதான். அவள் உண்மை சொன்ன அன்றைக்கு வீடு போனது. நான் பொய் சொன்னேன், எனக்கு வீடு கிடைத்தது. அவள் கண்ணால் பார்த்தது அது. என் பேச்சையா நம்புவாள்?

அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன், அச்சில். கவின் இந்த வாரப் பத்திரிகையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

சந்தியா, மேடம் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். ஞாபகப்படுத்திப் பார். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் அவர் சொன்னார். நீ பேசியதால் வீடு போகவில்லை. உனக்கு முன்னால் பேச வேண்டியவன் பேசாததால் போனது. நீ பேசியது ஒரு நிமிஷம் லேட். அந்த ஒரு நிமிஷமும் என்னுடையது.

பூந்தமல்லிப் பெண்ணே, உனக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையைச் சுத்தமாகத்தான் செய்ய வேண்டும். அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தர் கதவில் இருப்பதைத் தேய்ப்பதற்கு முன்னால், இது என்ன, யார் எழுதியது, தேய்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடு. எனக்கு அது தெரியவில்லை. தேய்க்கத் தெரிந்தது, கேட்கத் தெரியவில்லை.

நேற்று நூர்ஜகான் வீட்டுக் கதவுக்குப் பச்சை அடித்துவிட்டேன். ஆயிஷா படியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தாள். நம்பர் இருந்த இடத்தில் மட்டும் பிரஷ் போகவில்லை. சுற்றிப் பழுப்பாக, ஒரு கட்டம் அப்படியே நிற்கிறது. பார்க்க நன்றாக இல்லை. “இன்னாண்ணா, பாதியில வுட்டுட்டே” என்றார் நூர்ஜகான். இருக்கட்டும்மா என்றேன்.

பச்சைக்குப் பதிலாக மஞ்சள் அடிக்கலாமே, பரண் மேலே ஒரு டப்பா இருக்கிறதே என்று அவர் முதலில் கேட்டார். அது வேறு ஒருத்தருடையது என்று சொல்லிவிட்டேன்.

மூடியை இறுக்கி வைத்தால் எனாமல் இரண்டு வருஷம் கெடாது. ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.